வெல்டாவுக்குக் கேட்காத நெருப்புத்தொண்டை

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் பெல்லார்ட் முனை என்ற சிற்றூரில், பள்ளிப் பேருந்து ஓட்டியே இருபத்தாறு வருஷத்தைக் கழித்தவள் வெல்டா குபியாக். ஊரில் அவளை எல்லாருக்கும் தெரியும். ஆனால் மே மாதம் இரண்டாம் வாரக் கடைசியில் நடக்கும் பறவை விழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவள் வேறு ஆள். பைனாகுலரைத் தூக்காமலேயே, நடந்துகொண்டே, "வலப்பக்கம் மஞ்சள் கதிர்க்குருவி, அதுக்குப் பின்னால மாங்குயில்" என்று சொல்லிக்கொண்டு போகிறவள். விழாத் தாளில் அவள் பெயருக்குக் கீழே 'காதால் பறவை பார்ப்பவர்' என்று போட்டிருப்பார்கள். அந்த மூன்று சொல்லில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நான்கு வருஷத்துக்கு முன்பு அந்தக் காது போகத் தொடங்கியது. முழுதாகப் போகவில்லை. பேச்சு கேட்கும், இடி கேட்கும், பூங்குருவியின் தடித்த குரல் கேட்கும். ஊசி மாதிரி மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பேருந்தில் ஏதோ கீச்கீச்சென்று அடித்துக்கொண்டே இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லித்தான், அவள் சீட் பெல்ட்டைப் போடாமல் ஓட்டுவது அவளுக்கே தெரிந்தது.

டாக்டரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சதுப்புக்காட்டின் பலகை நடைபாதையில் எந்த மரத்துக்கு எந்தக் குருவி வரும் என்பது மனப்பாடம். கூட்டத்தில் தலைகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். மேலே ஒரு குருவி வாயைத் திறந்தால் போதும், கேட்டவளைப் போல விரலை உயர்த்திப் பெயரைச் சொல்லிவிடுவாள். மூன்று விழாக்கள் இப்படியே ஓடின. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கமாட்டாள்.

நான்காம் வருஷம், சனிக்கிழமைக் காலை நடைக்கு எம்மெட் ஸ்ட்ரௌட் வந்தார். இந்தியானாவில் அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலை. பிறவியிலேயே கண் தெரியாது. அக்கா கோராவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வெல்டாவின் குரல் வந்த திசையில் கையை நீட்டினார்.

"உங்களுக்காகத்தான் வந்தேன். மத்த வழிகாட்டிங்க எல்லாம் அதோ பார், இதோ பார்னு கையக் காட்டுறாங்க. எனக்கு அது எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. வெல்டாவும் சிரித்தாள்.

"இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டாப் போதும்" என்றார் எம்மெட். "நெருப்புத்தொண்டைக் கதிர்க்குருவி. குளிர்காலம் பூரா ரெக்கார்டு போட்டுப் போட்டுக் கேட்டு வச்சிருக்கேன். நேர்ல ஒரு தடவகூட கேட்டதில்ல."

அந்தக் குருவியின் பாட்டு மேலே ஏறி ஏறி, கடைசியில் நூலாய் இளைத்துப் போகும். வெல்டாவை விட்டு முதலில் போன குரலே அதுதான்.

இருபத்தைந்து பேர் நடந்தார்கள். ஏழாம் வளைவில், பெரிய காட்டன்வுட் மரத்தடியில் எம்மெட் நின்றுவிட்டார். தலையை லேசாகச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"வெல்டா, இது அதுதானே? அந்தக் கடைசி இழுப்பு… அதோ, மறுபடியும்."

வெல்டா அண்ணாந்து பார்த்தாள். இலை, வெயில், இன்னும் இலை. வேறு ஒன்றுமில்லை. பின்னால் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவள் செய்தது வேறு.

"இல்லைங்க. அது செவ்வாலன். புதுசாக் கேக்குறவங்களுக்கு அப்படித்தான் குழம்பும்."

"அப்படியா? எனக்கு என்னமோ…"

"ரெக்கார்டுல கேக்குறது வேற, காட்டுல கேக்குறது வேற" என்றாள், அன்பாகத் திருத்துகிறவளைப் போல. எம்மெட் தலையாட்டினார். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. கொஞ்ச தூரம் போனதும் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, அக்காவோடு வண்டி நிறுத்தத்துக்குத் திரும்பிவிட்டார்.

கூட்டம் போன வழியே திரும்பி வந்தபோது, மிச்சிகனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அதே காட்டன்வுட்டைக் காட்டினாள். எல்லாருடைய பைனாகுலரும் உயர்ந்தது. தணல் நிறத் தொண்டை. குருவி கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, உடம்பே அதிரப் பாடிக்கொண்டிருந்தது. வெல்டாவின் பைனாகுலர் வில்லைக்குள் அந்தத் தொண்டை துடித்தது. சத்தம் மட்டும் இல்லை.

"நாம போறப்பவே இதுதான் பாடிச்சோ?" என்றாள் அந்தப் பெண்மணி. கேள்வி யாருக்கென்று இல்லை. ஆனால் பைனாகுலரை இறக்கிவிட்டு வெல்டாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவளே பார்வையை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட வெல்டாவுக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

அன்று மாலை தீயணைப்பு நிலையக் கூடத்தில் வழக்கமான பெர்ச் மீன் வறுவல் விருந்து. நீண்ட மேசைகள், காகிதத் தட்டுகள், கோஸ் சாலட். வெல்டா உட்கார்ந்த மேசைக்கு அடுத்த மேசையில் எம்மெட் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை அந்தம்மா இருந்தாங்க. இல்லன்னா இல்லாத குருவிய இருக்குன்னு எழுதியிருப்பேன். வயசாகுதில்ல, காது ஏமாத்துது போல. வேலையிலயும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும்."

"காலைல கிளம்பிடலாமா?" என்று கேட்டாள் கோரா.

"கிளம்பிடலாம்."

வெல்டா தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டடி வைத்தாள். அதற்குள் மேடையிலிருந்து லைல் கூப்பிட்டுவிட்டான். தூண்டில் கடை வைத்திருப்பவன், விழாவை நடத்துபவன், ஒரு காலத்தில் அவள் பேருந்தில் போன பையன்.

"வெல்டா, வந்து இன்னிக்குப் பாத்த பறவைக் கணக்கைப் படிங்க. நீங்க படிச்சாத்தான் சனங்க நம்புவாங்க."

பட்டியலைக் கையில் திணித்தான். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பாதியில் நெருப்புத்தொண்டை வந்தது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு நின்றுவிட்டாள்.

"வெல்டா குழு பாத்தது" என்று கீழேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அடுத்த மேசையில் எம்மெட்டின் முகம் மெதுவாக மேடைப் பக்கம் திரும்பியது.

சட்டென்று கூடத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். என்னவென்று புரியாமல் வெல்டா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். லைல் ஓடிவந்து மைக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் திருப்பினான்.

"அந்தக் கீச்சு உங்களுக்குக் கேக்கலயா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"இல்லடா. கேக்கல."

மைக்கை அவனிடமிருந்து திரும்ப வாங்கினாள்.

"நாலு வருஷமா எனக்கு மெல்லிசான சத்தம் எதுவும் கேக்குறதில்ல. கேட்ட மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். எம்மெட், அந்த மரத்துல பாடினது நெருப்புத்தொண்டைதான். நீங்க சொன்னது சரி. உங்க காதுல குறையில்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பட்டியலை லைலிடம் கொடுத்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். அந்த இருபதடிக்குள் பதினைந்து வருஷமாக அவள் பின்னால் நடந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் தன் வண்டிக் கதவைத் திறக்கும்போது எம்மெட்டும் கோராவும் வந்தார்கள்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் எம்மெட். குரல் உயரவில்லை. "எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு காதுதான். ஒருத்தர் போன்ல மூச்சு விடுறத வச்சே எந்த அளவு ஆபத்துன்னு சொல்லணும், அதான் என் வேலை. இன்னிக்குப் பகல் முழுக்க அது போச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

"மன்னிச்சிடுங்க."

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன்." கோரா அவளைப் பார்க்காமலேயே தம்பியை அழைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவர்கள் கிளம்பவில்லை. தெற்குக் காற்று அடித்து, முந்தின நாள் இருந்த குருவிகள் ஏரியைத் தாண்டிப் போயிருந்தன. புதிதாக வந்து இறங்கியவற்றில் நெருப்புத்தொண்டை இல்லை. எம்மெட் அந்தக் காட்டன்வுட்டின் அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார் என்று லைல் பிறகு சொன்னான். நடையை அன்று அவன்தான் நடத்தினான். வெல்டா வண்டி நிறுத்தத்தில், கையைக் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நின்றாள்.

கோடையில் காது டாக்டரிடம் போனாள். கருவி மாட்டினார்கள். வாசற்கதவுக் கீலின் கிறீச்சு திரும்பி வந்தது, கதிர்க்குருவிகள் வரவில்லை. விழாத் தாளிலிருந்து தன் பெயருக்குக் கீழேயிருந்த அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். பெயரையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடைத்தெருவில் சிலர் முன்போலவே பேசினார்கள். சிலர் வேண்டுமென்றே சத்தமாகப் பேசினார்கள்.

அடுத்த மே மாதம் லைல் கேட்டான்: "ஊருக்கும் சதுப்புக்கும் நடுவுல பஸ் ஓட்ட ஆள் வேணும். வர்றீங்களா? நடைக்கு இல்ல. பஸ்ஸுக்குத்தான்."

"எந்தெந்த மூஞ்சியெல்லாம் அதுல ஏறப்போகுதோ" என்றாள். ஆனாலும் போனாள்.

சனிக்கிழமைக் காலை கோரா ஏறினாள், பின்னால் எம்மெட். "மூணு படி இருக்கு. மூணாவது கொஞ்சம் உயரம்" என்றாள் வெல்டா. குரலைக் கேட்டதும் எம்மெட் இரண்டாம் படியில் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மத்தியானம் திரும்பும்போது அவளுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். பாதி வழி வந்தபோது முன்னால் குனிந்தார்.

"இன்னிக்கும் அது கேக்கல" என்றார்.

"இந்த வருஷம் ஒண்ணுகூட வரலன்னு பேசிக்கிறாங்க."

"பேசிக்கிறாங்களா, இல்ல நீங்க சொல்றீங்களா?"

"அவங்கதான் பேசிக்கிறாங்க. எனக்குத் தெரியாதுங்க."

"சரி" என்றார் எம்மெட். பிறகு, "நாளைக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறே கால்."

வெல்டா பாதையைப் பார்த்து ஓட்டினாள். நிமிர்ந்தால் மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரியும். ஏரிக்கரைத் திருப்பம் வரும்வரை அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.