ரீச்சர் குடித்த தேத்தண்ணி

பூவரசங்குளம் சந்தியில் எனக்கு ஒரு கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன், விண்ணப்பம் ரைப் பண்ணிக் கொடுப்பேன், வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில மெயிலை வாசித்துத் தமிழில் சொல்வேன். பதினாறு வருடமாக ஊராருடைய கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஊரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. மீனம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் இந்த ஊர் மேலான அருவருப்பில்தான். யாரையும் ஏசாமல் எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மீனம்மா சந்தியில் கச்சான் கடலை வறுத்து விற்கிறவள். அவளுடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்தது இந்த மண்ணில். படித்தது, இடம்பெயர்ந்து ஓடியது, முகாமில் கிடந்தது, திரும்பி வந்தது எல்லாம் எங்களோடுதான். ஆனாலும் ஊருக்கு அவர்கள் இன்னும் ‘தோட்டத்தார்’. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எங்கள் சனத்தின் சொண்டு ஒரு மாதிரிக் கோணும். அவர்கள் விதைத்து வெட்டித் தந்த நெல்லின் சோற்றை எங்கள் ஆட்கள் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

என் கடையில் பழுதாகிப் போன கொப்பித் தாள்களை மீனம்மா வாங்கிக்கொண்டு போய்க் கச்சான் போட்டுக் கொடுக்கக் கூம்பு மாதிரிச் சரை சுற்றுவாள். ஒருநாள் சரையைப் பிரித்துக் கச்சான் தின்றுகொண்டிருந்தபோது தாளில் பென்சில் எழுத்தைக் கண்டேன். அது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரக் கணிதப் பழைய வினாத்தாள். ஓரத்தில் இரண்டு கணக்குகள் செய்து முடித்துக் கிடந்தன. இரண்டும் சரி.

“இது ஆர் செய்தது?” என்று கேட்டேன்.

“பிள்ளைதான் அக்கா. சரை சுத்தத் தாளைக் குடுத்தா முதல் அதில கிறுக்கிப்போட்டுத்தான் தருவா. ஏசினாலும் கேக்கிறாளில்லை” என்று மீனம்மா பயந்துபோய்ச் சொன்னாள். தாளைப் பழுதாக்கியதற்கு நான் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

பிள்ளையின் பெயர் சிவதர்சினி. ஒன்பது வயது, தரம் நான்கு. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணிதம் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் எழுதிப்போட்டேன். பாடம் செய்ய ஒரு டெப் கணினி அனுப்பினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு எக்கவுண்ட், ஒரு பாஸ்வேர்ட். சரியாகச் செய்யச் செய்யப் பாடம் மேலே ஏறும், பிழை விட்டால் கீழே இறங்கும். மூன்று மாதம் நன்றாகச் செய்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு ஆசிரியர் நேராகத் திரையில் வந்து படிப்பிப்பார். சிவதர்சினிக்கு அந்த ஆசிரியரிடம் கேட்க ஒரு அப்பியாசக் கொப்பி நிறையக் கேள்விகள் இருந்தன. ‘பூச்சியத்தால் ஏன் பிரிக்கக் கூடாது?’ என்பது முதல் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுத்தான் தயாளினி ரீச்சரிடம் குட்டு வாங்கியிருந்தாள்.

மூன்றாவது கிழமையே பிள்ளை எட்டாம் தரப் பாடத்துக்கு ஏறிவிட்டாள். மீனம்மா வாசலில் கச்சான் உடைத்தபடி காவலுக்கு இருப்பாள். அவளுக்கு அந்தக் கணக்கு ஒன்றும் விளங்காது. பச்சை நிறம் வந்தால் சரி, சிவப்பு வந்தால் பிழை என்பது மட்டும் தெரியும். அதுவே அவளுக்குப் போதுமான சந்தோசம்.

இந்தச் செய்தி தயாளினி ரீச்சரின் காதுக்குப் போனது. அவர் சிவதர்சினியின் வகுப்பு ரீச்சர். சனி ஞாயிறுகளில் வீட்டில் ரியூசன் வகுப்பும் வைத்திருக்கிறார். ஒரு பின்னேரம் அவர் தானாகவே மீனம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்ததும் உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணி கொடுத்ததும் கையில் வாங்கியிருக்கிறார்.

அடுத்த நாள் மீனம்மா என் கடைக்கு வந்து சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். “ரீச்சர் எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சவா அக்கா. முழுக்கக் குடிச்சவா. நல்லாயிருக்கெண்டு சொன்னவா.” நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிற குடும்பம். அந்த வீட்டில் ஊர்க்காரர் ஒருவர் தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாஸ்வேர்ட் எழுதிய துண்டை ரீச்சர் கேட்டதும், தான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவளுக்குச் சொல்லவே தோன்றவில்லை. தேத்தண்ணி குடித்த மனுசி கேட்டால் கொடுக்காமல் விடுவாளா?

சரி, நான் எந்த மூஞ்சியோடு இதை எழுதுகிறேன்? அந்த வீட்டுக்கு நானும் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் “இப்பதான் குடிச்சிட்டு வாறன், இன்னொரு நாளைக்கு” என்று சொல்லியிருக்கிறேன். மூன்றும் பச்சைப் பொய்.

மூன்று மாதம் முடிந்த புதன்கிழமை சங்கத்திலிருந்து மெயில் வந்தது. மீனம்மாவும் பிள்ளையும் எதிரே நிற்க நான் வாசித்தேன். கிழமை நாட்களில் எட்டாம் தரக் கணக்கைச் செய்கிற பிள்ளை, சனி ஞாயிறுகளில் எத்தனை ஆப்பிள் என்று எண்ணத் தெரியாமல் பிழை விடுகிறாளாம். ஆகையால் கடினமான கணக்குகளை வளர்ந்தவர் யாரோ செய்து கொடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை வகுப்புக்கு அவளுடைய பெயரை எடுத்துவிட்டார்கள். விளக்கம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும்.

“நான் களவு செய்தனானாம் என்ன?” என்றாள் சிவதர்சினி. கண்ணில் தண்ணீர் இல்லை. முகம் மட்டும் வெளிறிப்போனது. “ஒவ்வொரு திங்கக்கிழமையும் பாடம் கீழ விழுந்து கிடக்கும். நான் முதல்ல இருந்து செய்து ஏத்துவன். பிழையளைப் பாத்தா ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியும். கழிக்கேக்க கடன் எடுக்க மறக்கிறது லக்ஷன், ரீச்சரின்ர மகன். ஏழாம் வாய்ப்பாடு பிழைக்கிறது எங்கட வகுப்பு மொனிற்றர். ரியூசன் பிள்ளையள் எல்லாரும் அதில செய்திருக்கினம்.”

அப்போதுதான் மீனம்மா பாஸ்வேர்ட் துண்டை ரீச்சருக்குக் கொடுத்த கதையைச் சொன்னாள்.

அன்று பின்னேரமே தயாளினி ரீச்சர் வினாத்தாள் கொப்பி எடுக்க வந்தார். நான் நேரடியாகக் கேட்டேன்.

“ஓம், பாவிச்சனான். இப்ப அதுக்கென்ன?” என்றார். “எல்லாம் எங்கட பிள்ளையள் தானே. புலமைப்பரிசில் சோதினை எடுக்கப்போற பிள்ளையளுக்குப் பிரயோசனப்பட்டது. அதுகள் உந்தக் கணக்கைப் படிச்சு என்ன செய்யப்போகுதுகள்? கச்சானை எண்ணி விக்கவோ?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கொப்பித் தாள்களை அடுக்காமல் அப்படியே மேசையில் தள்ளிவிட்டேன். அதற்கு மேல் ஏச எனக்கும் துணிவு வரவில்லை. அவர் என் வாடிக்கையாளர்.

வெள்ளிக்கிழமை காலை மீனம்மாவையும் பிள்ளையையும் கூப்பிட்டு இருத்தினேன். “நடந்ததை அப்பிடியே எழுதுவம். ரீச்சரின்ர பேரைப் போட்டு, அவாவின்ர வகுப்புப் பிள்ளையள் செய்ததெண்டு எழுதினாத்தான் நம்புவினம்” என்றேன்.

மீனம்மா தலையை ஆட்டினாள். “வேண்டாம் அக்கா. அவாவைக் காட்டிக் குடுக்க ஏலாது. எங்கட வீட்டில கை நனைச்ச மனுசி. இந்த ஊரில வேற ஆர் எங்களை மதிச்சு வந்தது? பிள்ளைக்கு வகுப்பு இல்லாட்டிப் பரவாயில்லை.”

“அப்ப பிள்ளை கள்ளியாகட்டும் என்ன?” என்று கத்திவிட்டேன். அவள் அழத் தொடங்கினாள். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுக் கொடுக்கிறாளே என்று அவள் மேலும் எனக்கு வெறுப்பு வந்தது.

சிவதர்சினி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, ரீச்சர் அண்டைக்குத் தேத்தண்ணி குடிக்கேல்லை.”

“விசர்க்கதை கதையாத. வெறும் கிளாஸை நான்தானே கையில வாங்கினனான்.”

“நீங்கள் துண்டு எடுக்க உள்ள போன நேரம் செவ்வரத்தைச் செடிக்குக் கீழ ஊத்தினவா. நான் கோழிக்கூட்டடியில இருந்து பாத்தனான். ஊத்திப்போட்டு, நீங்கள் வாற சத்தம் கேட்டு வாயைத் துடைச்சவா.”

ஊற்றியதைக் கூட விடுங்கள். அந்த வாயைத் துடைத்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

“ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?” என்று கேட்டாள் மீனம்மா.

“நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள்.”

மீனம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கதிரையைக் கணினிப் பக்கமாக இழுத்துப் போட்டு இருந்தாள்.

“எழுதுங்கோ அக்கா. பேரைப் போட்டே எழுதுங்கோ. பள்ளிக்கூடத்தின்ர பேரையும் போடுங்கோ.”

எழுதினேன். பிள்ளை சொல்லச் சொல்ல, எந்தத் திகதியில் எந்தப் பிழை யாருடையது என்பதையும் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை சங்கத்து ஆசிரியர் ஒருவர் திரையில் வந்து, என் கடையில் வைத்தே அவளிடம் ஒன்பது கணக்குக் கேட்டார். ஒன்பதையும் செய்துவிட்டு அவள் தன் கொப்பியை விரித்துப் பூச்சியத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். வகுப்பு கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் ரீச்சர் அவளைப் பின்வரிசையில் கடைசி வாங்குக்கு மாற்றிவிட்டார்.

மீனம்மா இப்போதும் பழைய தாள் எடுக்க என் கடைக்கு வருகிறாள், சிரித்துக் கதைக்கிறாள். முன்பெல்லாம் போகும்போது, “ஒருநாளைக்கு வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா” என்று சொல்லாமல் படியிறங்க மாட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதை அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை.