தேயாத பிறேக்கும் மூன்று தட்டுக் கேக்கும்

என் தம்பியின் மகன் அண்மையில் ஒரு புது பிக்கப்பில் எங்களைப் பார்க்க மன்னாருக்கு வந்தான். எங்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் தாம்போதிப் பாலத்தால் போகும்போது காலை மடித்து வைத்துக்கொண்டு, "மாமா, இப்ப நான் ஒண்டும் செய்யேல்லை. முன்னுக்குப் போற வாகனத்தைப் பாத்து இது தானாத் தூரம் விட்டு ஓடுது. அது மெதுவாப் போனா இதுவும் மெதுவாப் போகும்" என்றான்.

முன் சீற்றில் இருந்த என் வீட்டுக்காரர் முன்னால் போன பஸ்ஸைப் பார்த்தார். பிறகு மருமகனின் மடித்த காலைப் பார்த்தார்.

"மெதுவாப் போறதுக்கு உது பிறேக் அடிக்கிறதோ, இல்லை அக்சிலேற்றரை விடுறதோ?"

"ரெண்டும் செய்யும் மாமா."

"அப்ப லைனிங் கெதியில தேயும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்க்கத் தொடங்கினார். மருமகன் பாவம், பாலம் முடியும்வரை விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தான். பின் சீற்றில் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன் வண்டிக்குத் தூரம் விட்டு ஓடுவதைப் பற்றி யாருக்குப் பாடம் எடுக்கிறான்! சண்டைக் காலத்தில் மன்னார்த் தீவுக்குள் பிறேக்கைத் தொடாமலே பிக்கப் ஓட்டிய மனிதர் இவர்.

அப்போது எங்களிடம் இருந்தது பழைய பிக்கப். மீன் பெட்டி, ஐஸ், சீமெந்து, வீடு மாறுகிறவர்களின் கதிரை மேசை என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். லைனிங் என்பது பிறேக்கை மிதிக்கும்போது சில்லுக்குள் உரசி வண்டியைப் பிடிக்கிற பட்டை. அது தேய்ந்தால் புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்குப் பாதை திறந்திருக்கவேண்டும், உதிரிப்பாகம் கொண்டுவர அனுமதி கிடைக்கவேண்டும், கொண்டுவருகிறவர் மறக்காமல் இருக்கவேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் சரிவருவது குதிரைக் கொம்பு. எப்படியோ ஒருமுறை சரிவந்து புது லைனிங் பூட்டினார். பூட்டிய நாளிலிருந்து அதைப் பெட்டிக்குள் வைத்த கூறைச்சேலை மாதிரிப் பாதுகாக்கத் தொடங்கினார்.

அவருடைய முறை இதுதான். முன்னால் ஒரு வாகனம் போனால் அதன் இலக்கத்தகட்டை வாசிக்க முடியாத தூரத்தில் பின்னால் போவார். அது வேகம் குறைக்கும்போது இவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுவார். நிற்கவேண்டிய இடங்களுக்கெல்லாம் மரங்களில் கணக்கு வைத்திருந்தார். தாராபுரத்தைத் தாண்டி, வாகனங்களை மறித்துச் சோதிக்கிற ஆமிச் சென்றிக்குச் சாய்ந்த பனையில் காலை எடுப்பார், இடிந்த மதகில் கியரைக் குறைப்பார், புளியமரத்தில் இன்னொருமுறை குறைப்பார். வண்டி தன்பாட்டில் உருண்டுபோய், றோட்டுக்குக் குறுக்கே வைத்த தார்ப்பீப்பாவுக்கு முன்னால் களைத்து நிற்கும். பின்னால் வருகிறவர்கள் கோர்ன் அடித்து எங்கள் பரம்பரையையே திட்டுவார்கள். அவருக்கு அது காதில் ஏறாது. மன்னார் றோட்டில் கழுதைகள் நினைத்த நேரத்தில் குறுக்கே வரும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"கழுதை என்ன நினைக்குது எண்டு எனக்குத் தூரத்திலையே தெரியும்" என்பார்.

"அது கழுதைக்கே தெரியாதப்பா" என்பேன் நான்.

என்றாலும் எனக்கு இந்தப் பைத்தியம் வசதியாகவே இருந்தது. ஏனென்றால் நான் கல்யாணக் கேக் செய்கிறவள். வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால் கோயிலில் பூசை முடிந்து வந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் கேக் வெட்டவேண்டும். சண்டை நடந்தாலும் வெட்டவேண்டும். அதுவும் மூன்று தட்டாக, தூண் வைத்து, வெள்ளை ஐசிங் போட்டு இருக்கவேண்டும். வேறு ஊர்களில் மேல் தட்டுகளை அட்டைப்பெட்டியில் செய்து ஐசிங் பூசிவிடுவார்கள், வெட்டுகிற இடம் மட்டும்தான் கேக். எங்கள் பக்கத்தில் அந்தக் கெட்டித்தனம் சரிவராது. உள்ளே வெறுமையான, வெளியே அழகாகப் பூசி மறைத்த பெட்டி ஒன்றைச் சென்றிக்குக் கொண்டுபோய் "இது கேக், சேர்" என்று சொல்லித்தான் பாருங்களேன்! ஆகவே என்னுடைய மூன்று தட்டும் அசல் கேக். கனமோ கனம்.

அசல் என்றாலும் அவர்கள் குத்திப் பார்ப்பார்கள். அரிசி மூட்டை, மணல், மீன் பெட்டி எல்லாவற்றையும் குத்துகிற நீளக் கம்பி ஒன்று சென்றியில் இருந்தது. மீனுக்குள் போன கம்பியைக் கேக்குக்குள் விட நான் சம்மதிப்பேனா? அதனால், கேக் வெந்ததா என்று நான் குத்திப் பார்க்கிற பின்னல் ஊசியையே கையோடு கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்துவிடுவேன். தட்டுக்கு ஒரு குத்து, பின்பக்கத்தில். ஆமிக்காரன் ஊசியை வெளியே எடுத்துப் பார்ப்பான். பழக்கதோசத்தில் நானும் எட்டி, மா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஐசிங் கூம்பை எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் ஒரு ரோசாப்பூ வைத்துவிடுவேன். பின்பக்கத்தில் காரணமில்லாமல் மூன்று பூக்கள் இருந்தால் அது என் கேக் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தவிர, சிறு துண்டுகளாக வெட்டிய கேக் கொஞ்சம் ஒரு தகர ரின்னில் தனியே வரும். அதற்கு எங்கள் வீட்டில் சென்றிக் கேக் என்று பெயர்.

போகிற வழியெல்லாம் நான் பிக்கப்பின் பின்தட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கேக் பலகையைப் பிடித்திருப்பேன். யாராவது திடீரென்று பிறேக் அடித்தால் மேல் தட்டு தூணை விட்டுக் கழன்று போய்விடும். இந்த நிலையில் பிறேக்கே அடிக்காத ஒரு புருசன் வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று போகிற வீடுகளில் எல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

புது லைனிங் பூட்டிய வருட மாரியில் பெற்றோல் கிடைக்கவில்லை. வண்டி வாரக்கணக்காக முற்றத்தில் நின்றது. மழை அடித்தது, மழை விட்ட நேரத்தில் உப்புக்காற்று அடித்தது. பெற்றோல் வந்த கையோடு தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கேக் கேட்டார்கள். காலையில் கேக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வீட்டு வாசலிலிருந்து தாராபுரம் வரை அவர் ஒருமுறையேனும் பிறேக்கைத் தொட்டிருக்கமாட்டார் என்று சத்தியம் செய்வேன்.

எனக்கு முன்பு பிளம்ஸும் கஜுவும் தந்த கடைக்காரர் தாராபுரத்தவர். முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் தீவிலிருந்து வெளியேற்றியபோது அவரும் குடும்பத்தோடு போகவேண்டி வந்தது. நல்ல பிளம்ஸை எனக்கென்று எடுத்து வைக்கிற மனிதர். அந்த இடம் வந்தால் நான் பூட்டிக் கிடக்கும் கடைப் பக்கம் திரும்பமாட்டேன். அன்றும் கேக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நிமிர்ந்தபோது சாய்ந்த பனை வந்துவிட்டது. அவர் காலை எடுத்தார், வண்டி இளகியது, எல்லாம் வழக்கம்போல. ஆனால் உடைமரப் பற்றை விலகியதும், மதகுக்கு இந்தப் பக்கத்திலேயே தார்ப்பீப்பாக்கள் நின்றன. நாங்கள் ஓடாமல் இருந்த வாரங்களில் சென்றியை எங்கள் பக்கமாக நகர்த்தியிருக்கிறார்கள். பனையிலும் மதகிலும் கணக்கு வைத்திருந்தவருக்கு அதை யார் சொல்வது?

கேபினின் பின்கண்ணாடியால் அவருடைய தோள் மேலே எழும்புவதைக் கண்டேன். பிறேக்கை மிதிக்கிறார். அந்தத் தோள் அப்படி எழும்பி நான் பார்த்ததே இல்லை. வண்டியோ ஒன்றும் நடக்காததுபோலப் போய்க்கொண்டிருந்தது.

"நவத்தன்ன!" என்று ஒரு ஆமிக்காரன் கத்தினான். நில் என்பதற்கான அந்தச் சிங்களச் சொல் எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. வண்டி நிற்கவில்லை. அவன் துவக்கை உயர்த்தினான்.

அந்த நேரத்தில் கையைத் தூக்கவேண்டும். என் இரண்டு கையும் கேக்கில் இருந்தன. துவக்கு என்னைப் பார்க்கவில்லை, முன்கண்ணாடியை, அதற்குப் பின்னால் இருந்த அவரைப் பார்த்தது. கேக்கை விட்டேன். எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சுடாதையுங்கோ சேர்! பிறேக் பிடிக்கேல்லை! கேக்! கேக்!" என்று கத்தினேன். பிறேக்குக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று மருமக்கள் இன்றைக்கும் கேட்டுச் சிரிக்கிறார்கள். வாயில் வந்தது அதுதான், நான் என்ன செய்ய?

அவர் வண்டியை றோட்டை விட்டு மணலுக்குள் திருப்பினார். வீட்டுக்குள் வந்து ஏறுகிற மன்னார் மணலை நான் கூட்டிக் கூட்டித் திட்டாத நாள் இல்லை. அன்று அந்த மணல்தான் சில்லை மெல்ல விழுங்கி, முள்ளுக்கம்பிக்குக் கிட்ட வண்டியை நிறுத்தியது. எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. கேக் அசையவே இல்லை. பிறேக் பிடித்தால்தானே அசைவதற்கு!

துவக்கோடு வந்தவன் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தான். "பிறேக் நெத்த?" என்று கேட்டான், பிறேக் இல்லையா என்று.

என் வீட்டுக்காரர் இரண்டு கையும் மேலே, கால் இன்னும் பிறேக்கில், அப்படியே இருந்துகொண்டு, "புது பிறேக், சேர்" என்றார்.

அவரை நானே சுட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இறக்கிச் சோதித்தார்கள். ஊசியைக் கொடுத்தேன். குத்தியவன் கை நடுங்கி ஓட்டைகள் கோணலாக விழுந்தன. நான் வைத்த ரோசாக்களும் முட்டைக்கோவா மாதிரி வந்தன. கடைசியில் சென்றிக் கேக்கைத் தின்றுவிட்டு அவர்களே வண்டியை மணலிலிருந்து தள்ளிவிட்டார்கள். மீதித் தூரத்தை முதல் கியரில், நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போக, ஊர்ந்து கடந்தோம்.

கல்யாண வீட்டில் கேக்கைப் புகழ்ந்தார்கள். என் வீட்டுக்காரர் பந்தியில் இருந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் அழுதேன். இந்த மனிதரைத் திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. அதற்குள் ஆள் இல்லாமல் போயிருப்பாரே என்று அழுதேன். எனக்கு அவர்மேல் இவ்வளவு ஆசை என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து மறுநாள் சில்லுகளைக் கழற்றினார். லைனிங் பூட்டிய நாளில் இருந்த தடிப்பிலேயே இருந்தது. அதைத் தள்ளவேண்டிய பகுதிதான், மாதக்கணக்காக யாரும் மிதிக்காமல், மழையும் உப்பும் குடித்துத் துருவேறி இறுகிப் போயிருந்தது.

"கொஞ்சமும் தேயேல்லை பாரும்" என்றார். முதலில் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"ஓம், வடிவா இருக்கு" என்றேன். "கண்ணாடி அலுமாரிக்குள்ள வைப்பம். வாற போற ஆக்களுக்குக் காட்டலாம்."

அவர் துருவைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டி, எண்ணெய் விட்டு, தேடித் திரிந்து வாங்கிய றப்பர்களை மாற்றிப் பூட்டினார். நானும் பக்கத்தில் இருந்து சில்லைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. துரு விழுந்துவிட்டது என்றார். நானும் நம்பியதுபோல இருந்துவிட்டேன்.

அடுத்த கேக்குக்கு அதே பாதையால் போனோம். சென்றி கண்ணில் பட்டதுதான் தாமதம், பீப்பாக்கள் இன்னும் எட்டத்தில் இருக்கும்போதே அவர் தோளை உயர்த்தி முழுப் பலத்தோடும் மிதித்தார். நான் வழுக்கிப்போய்க் கேபினில் இடிபட்டேன். மேல் தட்டு தூணை விட்டுக் கழன்று நடுத்தட்டில் விழ, இரண்டும் சேர்ந்து என் மடியில் வந்து இறங்கின. வண்டி அந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. சென்றியில் நின்றவர்கள் துவக்கைத் தொடாமல் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, கேக் போச்சே!" என்றார்.

முழங்கைவரை ஐசிங். கல்யாண வீட்டுக்காரருக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. ஆனாலும் எனக்கு வந்த சந்தோசத்தை அடக்க முடியவில்லை.

"கேக் கிடக்கட்டும்" என்றேன். "கொஞ்சம் முன்னுக்கு ஓடி இன்னொருக்கா அடியுங்கோ, பாப்பம்."