சூரன் மேல் விழுந்த உருளைக்கிழங்கு

என் கொழுந்தன் மனைவிக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பழனியில் கோயில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண். கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் இந்த மேல்மலைக்கு வாழ்க்கைப்பட்டு ஏறி வந்தாள். அவள் வரும்வரை, கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் ஊர் முருகன் கோயிலில் சாயங்காலம் கதை சொன்னது நான்தான். பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. பஸ்ஸிலும் பூண்டுக் காட்டிலும் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பேசக் கற்றவள். “மதினி கதை சொன்னா குளிருக்குக் காப்பி குடிச்ச மாதிரி இருக்கு” என்று பூண்டு உரிக்க வந்த ஒருத்தி ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு பேச்சை வைத்தே பல வருஷம் ஓட்டினேன்.

என் கதையில் ரத்தம் கிடையாது. சூரனுடைய பிள்ளைகள் வெட்டுப்படும் இடம் வந்தால், “சண்டை நடந்துச்சு, சாமி ஜெயிச்சாரு” என்று தாண்டிவிடுவேன். சூரன் என்பது நம் ஆங்காரம், வேல் என்பது அறிவு என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் தூக்கத்தில் ஆட்டினார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

போன ஐப்பசியில் ஊர்க்காரர்கள், “இந்த வருஷம் சின்னவ படிக்கட்டுமே, புஸ்தகம் வச்சு முறையாப் படிக்குதுல்ல” என்றார்கள். “அதுக்கென்ன, படிக்கட்டும்” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்து வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் நாளே கோயில் நிறைந்துவிட்டது. டிவியை விட்டு நகராத ஆட்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்த நாளும் அவள் எதையும் விடவில்லை. கை தனியாக, தலை தனியாக அசுரர்கள் விழுந்தார்கள். சூரனின் மகன்கள் ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன். “இம்புட்டு வெட்டுக்குத்து வேணுமாத்தா? பிள்ளைகளும்ல கேக்குது.”

“சாமி செஞ்சதை நாம எப்படிக்கா குறைக்கிறது? எழுதினது எழுதினபடிதான். சூரன்னா சூரன்தான். ஆங்காரம் கீங்காரம்னு சொன்னா யாருக்குக்கா கோபம் வரும்?”

“கோபம் வரணுமாக்கும்?”

“கெட்டவனைக் கண்டா வரணும்ல.”

எனக்குப் பதில் இருந்தது. அவளுடையதைப் போல ஒரு குரல்தான் இல்லை.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம். சூரனைச் சுமப்பது எங்கள் வீட்டு முறை. என் வீட்டுக்காரர் சுமப்பார். மூங்கில் கட்டிக் காகிதம் ஒட்டிய பெரிய உருவம். அதன் வயிற்றில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் அவர் வெளியே பார்ப்பார். சூரனைச் சுமப்பவரும் சாமி தூக்குகிறவர்களைப் போலவே விரதம் இருக்க வேண்டும். சூரன் தெருவில் வரும்போது முட்டைக்கோஸின் வெளி இலையைக் கிழித்து அவன் மேல் எறிவதும், உள்ளே இருந்து அவர் திட்டுவதும் ஊர் வழக்கம். “ஏலே, பொண்டாட்டிகிட்ட வாயைத் தெறக்க மாட்டே, என்கிட்ட வீரமாக்கும்?” என்று அவர் கத்த, ஊரே சிரிக்கும்.

இந்த முறை அவள் மைக்கில் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். தேவர்களைச் சிறையில் போட்டவன், கும்பிட்டவர்களைக் கொடுமை செய்தவன் என்று அவள் குரல் ஏற ஏற, தெருவில் சிரிப்பு நின்றது. “விடாத, அடி!” என்று யாரோ கத்தினார்கள். தெருவோரம் கழித்துப் போட்ட உருளைக்கிழங்கு குவிந்து கிடந்தது. முதல் கிழங்கை எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பிறகு எல்லோரும் குனிந்து எடுத்தார்கள்.

ஒன்று ஓட்டைக்குள் புகுந்து அவர் புருவத்தைக் கிழித்தது. உருவம் ஆடியதைப் பார்த்து, “ஏலே, உள்ள மனுசன் இருக்காருடா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். வேல் படுவதற்கு முன் சூரன் விழுந்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அதனால் அவர் விழவில்லை. பூசாரி வேலோடு வந்து தொடும்வரை ரத்தம் வழிய அப்படியே நின்றார்.

ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வந்த முதல் நினைப்பு இது: என் கதையைக் கேட்டு ஒருத்தன்கூட ஒரு கிழங்கைத் தூக்கியதில்லையே.

மறுநாள் வெள்ளனே அவள் வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. “நான் எறியச் சொல்லலையே மாமா” என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

“நீ சொல்லல. ஆனா நீ கதை சொன்னதைக் கேட்டு எனக்கே என்னை நாலு போடணும்னு தோணுச்சு. என்னமா சொல்றே தாயி!”

தலையில் கட்டோடு அவளைப் பாராட்டுகிறார்! என் கதைக்கு இந்த மனுஷன் வாய் திறந்ததே இல்லை. காப்பித் தம்ளரைச் சத்தமாக வைத்தேன்.

“ஆனா ஒண்ணு,” என்றார். “சூரன் சாகலைல்ல? மயிலாவும் சேவலாவும்ல ஆனான்? சாமி அவனைத் தன்கூடவே வச்சுக்கிட்டாருல்ல? அதை நீ சொல்றதுக்குள்ள எறிஞ்சுப்புட்டாய்ங்க.”

“வேல் விழுந்ததும் கூட்டம் கலைஞ்சுரும் மாமா. அதனால அந்த இடத்தை நான் படிக்கவே இல்ல.”

“அப்ப நீயும் எழுதினபடி படிக்கல” என்றேன். ரொம்ப நாளாகக் காத்திருந்த வாய் இது.

அவள் நிமிர்ந்தாள். “நீங்க மட்டும் என்னக்கா? செத்த பிள்ளைகளை முழுங்கிட்டுத்தான சொன்னீங்க? அதுக என்ன பாவம் பண்ணுச்சு? அதுகளுக்கு மயிலும் இல்ல, சேவலும் இல்ல. சாமி ஏன் அப்படிச் செஞ்சாருன்னு எனக்கும்தான் தெரியல. தெரியாததால சத்தமாப் படிச்சேன்.”

இந்தக் கேள்வியைக்கூட அவள்தான் முதலில் கேட்டாளே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் சாமி கல்யாணம். கதை யார் சொல்வது என்று கேட்டுக் கோயிலிலிருந்து ஆள் வந்தது. “அக்காவே சொல்லட்டும்” என்றாள். அவள் மனசு மாறுவதற்குள் வெரசாகச் சரி என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால், செத்த பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தேன். யார் முதலில் விழுந்தது, யார் அடுத்து என்பது எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் தாண்டிப் போன இடம். கூட்டத்தில் இருந்த அவளைப் பார்த்தேன். இருந்த இடத்திலிருந்தே சொன்னாள், தணிந்த குரலில். அப்போதும் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. மைக்கை நான் நீட்டவில்லை. அவளாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தேன்.