பாம்பனில் புல்லி கழன்ற கதை

மோட்டாரிலிருந்து புல்லி என்கிற பெல்ட் சக்கரத்தைக் கழற்றுகிற இடத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: அடி. மோட்டாரைத் தொட்டே பார்க்காதவன்கூட அதைத்தான் சொல்வான். இத்தனை வருஷ ஃபிட்டர் வேலையில் எனக்கு அலுத்துப்போன சொல் அது ஒன்றுதான்.

பாம்பனில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு என்னைக் கூப்பிட்டது அறுபத்துநாலாம் வருஷத்துப் பெரிய புயலுக்கு முந்திய காலம். தீவுக்கு ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து டூல்ஸ் பெட்டியும் புது பேரிங்குமாகக் காலை ரயிலில் போய் இறங்கினேன். கம்ப்ரசரை ஓட்டுகிற மோட்டாரில் பேரிங் போய்விட்டது. அதை மாற்றுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் மோட்டாரின் சுழல் தண்டான ஷாப்டிலிருந்து புல்லி வெளியே வர வேண்டும்.

கேன்களில் ஐஸ் முக்கால்வாசிதான் உறைந்திருந்தது. மத்தியானத்துக்குள் மெஷின் ஓடினால் சாயங்கால மெட்ராஸ் ரயிலுக்குள் இறுகிவிடும். ஓடாவிட்டால் அத்தனையும் தண்ணீர். வாசலில் மீன் வியாபாரி லூர்தம்மாள் சீலா மீன் கூடைகளோடு ஐஸுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள்.

"என் வாக்க நம்பித்தான் வள்ளத்துக்காரவுக மீனக் குடுத்தாக. இது நாறிப்போச்சுன்னா நாளைக்கு எவன் எனக்குக் குடுப்பான்? சீக்கிரம் பாருங்கண்ணே" என்றாள்.

புல்லி தனியாகச் சுற்றாமல் இருக்கச் செருகிய கீக்கு மேலே, அதை அழுத்திப் பிடிக்கிற தலையில்லாத கிரப் ஸ்குரூவைக் கழற்றினேன். புல்லியைக் கவ்வி வெளியே இழுக்கிற மூணு கால் புல்லரை மாட்டி முறுக்கினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன், புளோ லாம்ப் வைத்துச் சூடு காட்டினேன். ம்ஹூம். உப்புக்காற்றுத் துருவாக இருக்கும் என்று இன்னும் முறுக்கினேன். புல்லரின் ஒரு கால் கீறல் விட்டது. அது உடைந்தால் தீவில் வேறு புல்லர் கிடையாது.

முதலாளி கீழக்கரைக்காரர். நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "யா அல்லா! சம்மட்டியால ஒரு போடு போடுங்களேன்."

"வார்ப்பிரும்பு, முதலாளி. ஒரு போடு போட்டா ரெண்டாப் போகும். அப்புறம் கூட்டித்தான் அள்ளணும்."

"அப்ப மெதுவாப் போடுங்க."

அவரை விட்டுவிட்டு மெஷின் ஆபரேட்டர் பக்கம் திரும்பினேன்.

"ஏலே கருப்பையா, இதுல வேற ஸ்குரூ எதுவும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருந்தா எனக்குத் தெரியாதாண்ணே? நான் இங்கனயேதான கெடக்கேன்."

கருப்பையா அந்த மோட்டாரைச் சாமியாகவே வைத்திருந்தான். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் புல்லி, மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட், அதன் மேல் சந்தனம், குங்குமம். பழசைச் சுரண்டுகிற பேச்சே கிடையாது. ஷாப்டைப் பிடித்திருக்கிற புல்லியின் கழுத்து பெயிண்டில் வீங்கி மொழுமொழுவென்று இருந்தது. அதற்கு அடியில் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. ஸ்கிரேப்பரை எடுத்தேன். குறுக்கே பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பூசை போட்ட சந்தனம்ணே. அடுத்த பூசை வரைக்கும் அதுல கை வைக்கக்கூடாது. மெஷின் கோவிச்சுக்கிரும்."

"இப்ப மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா இருக்கு?"

கையை விட்டபாடில்லை. முதலாளியோ, "அவுக சாமி விசயம், நான் என்னத்தச் சொல்ல" என்று நழுவிக்கொண்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிச்சல் ஏறியது. ஒரு புல்லியைக் கழற்ற இத்தனை பஞ்சாயத்தா!

லூர்தம்மாள் எழுந்து உள்ளே வந்தாள். கையில் மீன் கத்தி.

"தள்ளு கருப்பையா. உன் சாமி கோவிச்சா என்னைய வந்து கேக்கட்டும். வெளிய கூடையில கெடக்குறது மீனில்ல, என் வாக்கு."

செதில் உரிப்பது போல சரட் சரட்டென்று இழுத்தாள். சந்தனம் போனது. பச்சை உரிந்தது, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் நீலம். முதல் ஸ்குரூவிலிருந்து கால் வட்டம் தள்ளிக் கத்தி முனை டக்கென்று ஒரு குழியில் மாட்டியது. குழிக்குள் இன்னொரு கிரப் ஸ்குரூ! கருப்பையா வேலைக்கு வருவதற்கு முன்னால், புல்லி ஆடுகிறது என்று யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு நேரமும் அது ஷாப்டைக் கவ்விக்கொண்டிருக்க, நான் புல்லரைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கழற்றிவிட்டு, கீறல் விட்ட புல்லரைப் பயந்து பயந்து முறுக்கினேன். வெண்ணெயாட்டம் வந்தது, கழுதை. பேரிங் மாற்றி மெஷினை ஓட்டியபோது மத்தியானம் லேசாகத் தாண்டியிருந்தது. ஐஸ் இறுகியது. மீனும் ரயில் ஏறியது. லூர்தம்மாள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "இதக் காலையிலயே சுரண்டியிருக்கலாம்லண்ணே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது ஃபிட்டர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். புல்லரை எடுக்கும் முன்னால் புல்லியின் கழுத்தை வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டுங்கள். யார் கையைப் பிடித்தாலும் சுரண்டுங்கள்.

மறு வருஷம் ஆயுதபூஜை கழிந்து பெல்ட் மாற்றுவதற்காக அங்கே போனேன். புல்லி முழுக்கப் புது மஞ்சள் பெயிண்ட். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, மறுபடியுமா?"

கருப்பையா புல்லியைத் திருப்பிக் காட்டினான். இரண்டு ஸ்குரூவைச் சுற்றியும் பெயிண்ட் படாமல் வட்டமாக விட்டிருந்தான். வட்டத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு.

"பரவாயில்லையே, புத்தி வந்துருச்சே!" என்றேன்.

"அதெல்லாம் இல்லண்ணே. பெயிண்ட் அடிச்சு முடிக்கிற வரைக்கும் லூர்தக்கா கத்தியோட பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு."