டாக்டர் வந்தும் எடுக்காத கை

கடலூரில் நடந்த பயிற்சிக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். பதினெட்டு வருஷமாக ஐசியு நர்ஸ். என்னைப் போய் ஒரு பொம்மைக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் எரிச்சல் வராதா? இதில் தேறாதவர்களை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு வேறு.

ஆளுயரப் பொம்மை. மூச்சு விட்டது, இருமியது, பக்கத்து மானிட்டரில் துடிப்பும் ஓடியது. திடீரென்று துடிப்பு நின்றது. நான் ஸ்டூலில் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது டாக்டர் வேஷத்தில் ஒருவர் கதவைத் திறந்து வந்தார். நான் சட்டென்று கையை எடுத்து, இறங்கி, ஓரமாக நின்று, "குட் மார்னிங் சார்" என்றேன்.

பயிற்சி கொடுத்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். "டாக்டருக்கு வணக்கம் சொல்லிட்டீங்க சிஸ்டர். பேஷண்டுக்கும் ஒண்ணு சொல்லிடுங்க, அவரு கெளம்பிட்டாரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டர் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்க, படிக்கும்போதே பழக்கிவிட்டார்கள். அது ஊறிப்போயிருந்தது. நிஜ ஆட்களிடம் எத்தனை தடவை இப்படிக் கையை எடுத்தேனோ, தெரியவில்லை. சாயங்காலம் வரை அவள் டாக்டர்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். நாலாவது டாக்டரைத்தான் நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேறிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு மதியம். மாரடைப்புக்காகச் சேர்ந்திருந்த காட்டுமன்னார்கோயில் விவசாயி ஒருவர், என் கண்ணெதிரே பேச்சுமூச்சில்லாமல் போனார். ஏறி அழுத்தினேன். எங்கள் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். கால் இறங்கத்தான் பார்த்தது, கையை நான் விடவில்லை.

"அழுத்திட்டிருக்கேன் சார். ஷாக் மிஷினை நீங்க எடுங்க" என்றேன். அவருக்கு நான் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே எடுத்தார். இரண்டாவது ஷாக்கில் துடிப்பு திரும்பியது.

நாலு நாள் கழித்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது விவசாயி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எந்தப் புண்ணியவான் மேல ஏறி மிதிச்சானோ, வலி ஜாஸ்தியா இருக்கு சார்" என்றார்.

டாக்டர் என்னைக் காட்டினார். "இவுங்கதான். அன்னைக்கு நான் உள்ள வந்தேன், ஒரு வணக்கங்கூட சொல்லல."

"அத நான் சொல்லிடுறேன் சார்" என்று அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.