பிச்சாவரத்து பிஸ்கட் டின்

இறுக்கமான மூடி போட்ட பழைய பிஸ்கட் டின் ஒன்று என் சமையலறையில் இருக்கிறது. துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன். திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். “பேரீச்சம்பழத்துக்குப் போட்டுத் தொலையேன்” என்று வீட்டுக்காரர் திட்டுவார். போட மனம் வரவில்லை. அதைக் கையில் எடுத்தாலே அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அக்கா கூடப் பிறந்தவர் அல்ல. கல்லூரியில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. சிதம்பரத்தில் தேரோடும் வீதியில் வீடு. நான் நெல்லிக்குப்பத்துக் கிறிஸ்தவப் பெண். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள். துறையில் எல்லோருக்கும் நான் ‘ஏம்மா’தான். பேர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியவர் அக்கா ஒருவரே. அவரும் இல்லையென்றால் படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஊருக்கே ஓடியிருப்பேன்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அலை அடித்த இடங்களில் நட்ட சுரபுன்னைக் கன்றுகள் பிழைத்தனவா என்று பார்க்க எங்கள் இருவரையும் பிச்சாவரத்துக்கு அனுப்பினார்கள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் கூடாரம். நெருப்பு மூட்டக் கூடாது; சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததுதான். அக்காவுக்கு அவர் அம்மா வாழையிலையில் கட்டிக்கொடுத்த புளியோதரை, இரண்டு பொட்டலம். எனக்கு ரொட்டியும், இந்த டின் நிறைய வறுத்த நெத்திலிக் கருவாடும். நரி வரும் என்று, எங்களைக் கூட்டிவந்த படகுக்கார அண்ணன் எச்சரித்ததும் அக்கா தன் துணிப்பையைத் தூரத்து மரமொன்றில் உயரமாகக் கட்டினார். “கருவாட்டு வாசனைக்கு நரி வரும்டி. ரெண்டும் ஒண்ணா இருக்க வேணாம்” என்றார். நானும் நம்பினேன்.

காலையில் பார்த்தால் நரி பையைத் தொடவே இல்லை. எலி மரமேறிக் கடித்து ஒரு பொட்டலத்தைக் காலி செய்திருந்தது. படகுக்கார அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. “நரிகூடத் தேவல பாப்பா. இந்த எலிங்க இருக்குதே, ஜாஸ்தி கேடிங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா அவரோடு படகில் அக்கரைக் கன்றுகளை அளக்கப் போயிருந்தார். கூடாரத்தில் நான் தனி. புதருக்குள் நரிகள் ஊளையிட ஆரம்பித்தன. மரத்தைப் பார்த்தால் கயிற்றில் எலி இறங்கிக்கொண்டிருக்கிறது! கம்பால் விரட்டி, பையை அவிழ்த்து, மிஞ்சிய பொட்டலத்தை எடுத்து, கருவாட்டின் மேல் வைத்து டின்னை அழுத்தி மூடினேன். போதாததற்கு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். வந்தால் வாடா பார்க்கலாம் என்று இருந்தது. அக்கா களைத்துத் திரும்பி, படகுக்கார அண்ணன் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போனார்.

விடிந்ததும் “என் பை எங்கடி?” என்று கேட்டார். பெருமையாக டின்னைத் திறந்து நீட்டினேன். கருவாட்டு வாசனை குப்பென்று வந்தது. நீட்டிய கையை அக்கா பாதியில் நிறுத்தினார்.

“நீ நல்லதுக்குத்தான செஞ்ச. பரவால்லடி” என்று என் தோளைத் தட்டினார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய், ஒரு பிடிச் சோற்றை மணலில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார். காக்கைக்கு வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார். அப்பாடா, சாப்பிடப் போகிறார் என்று எனக்கு உயிரே வந்தது. இன்னொரு பிடி வைத்தார். பிறகு இன்னொன்று. நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. கடைசிப் பருக்கைவரை காக்கைகளுக்கே போட்டுவிட்டு, இலையை மடித்து, கையைக் கழுவினார்.

நரியிடமிருந்தும் எலியிடமிருந்தும் காப்பாற்றத் தெரிந்த எனக்குக் கருவாட்டிடமிருந்து காப்பாற்றத் தெரியவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல? எனக்கு இருந்தவரே அவர்தான். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான அதே சிரிப்பு.

“சாப்ட்டீங்களாக்கா?”

“ஆச்சுடி.”

மதியம்வரை இடுப்பளவுச் சேற்றில் நின்று வேலை பார்த்தார். வெயிலில் இரண்டு தரம் தள்ளாடினார்; பிடித்துக்கொண்டேன். ரொட்டியைத் தொட எனக்கும் மனம் வரவில்லை. கரையேறியதும் ரொட்டியும் டின்னும் தொடாமலே கிடப்பதைப் பார்த்தார்.

“நீ ஏன்டி சாப்புடல?”

“ஆச்சுக்கா” என்றேன்.