மாதேஸ் பயந்தது, ரெண்டு ஆள்

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஜெயபால் ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறார். அங்கே எந்தப் பேய் நாவலை எத்தனை கட்டு வரவழைப்பது என்று முடிவு செய்கிறவன் கிணறு வெட்டும் மாதேஸ். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், அதுவும் விரலை வைத்து.

மாதேஸுக்கு நாற்பத்தாறு வயது. எண்பதடிக் கிணற்றில் கிரேன் தொட்டியில் நின்றபடி இறங்குவான். பாறையில் துளை போட்டு வெடி வைத்துவிட்டு, பீடியை நிதானமாக அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மேலே வருவான். கிணற்றுக்குள் கிடக்கும் பாம்பை வாலைப் பிடித்துத் தொட்டியில் போட்டு அனுப்புவான். மேலே நிற்கிறவர்கள்தான் அலறுவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், பேய் என்ற சொல்லை அச்சில் பார்த்துவிட்டால் சுருண்டுவிடுவான். வாயால் சொல்கிற பேய்க்கதைக்கு அசையவே மாட்டான். "பொய்யி" என்று எழுந்து போய்விடுவான். அச்சில் வந்ததுதான் அவனுக்கு நிஜம். காசைச் செலவு செய்து பொய்யை எவன் அச்சடிப்பான் என்பது அவன் கட்சி.

ஐப்பசி பிறந்தால் கிணற்று வேலை நின்றுவிடும். வெட்டின குழியில் தண்ணீர் ஊறிக் கிடக்கும். கிரேன் தார்ப்பாய்க்குள் தூங்கும். ஊரில் பாதிப் பேருக்கு அதே நிலைமைதான். மழை பிடித்தால் கரண்ட் போகும், பின்னாலேயே போன் டவரும் படுக்கும். மனிதன் என்ன செய்வான்? போர்வையைப் போர்த்திக்கொண்டு பேய் நாவல் படிப்பான். சித்திரையில் அந்தச் சுகம் கிடைக்காது. சித்திரை வெயிலில் பேய்க்கும் வேர்க்கும்.

ஜெயபால் கண்டுபிடித்த முறை இது. புது நாவல் வந்ததும் முதல் பிரதியை மாதேஸிடம் கொடுத்துக் கடை மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைப்பார். மாதேஸின் ஊர் பாப்பாரப்பட்டி சாலையில் மூன்று கிலோமீட்டர். வழியில் ஒரு சுடுகாடும் வரிசையாகப் புளியமரங்களும் உண்டு. படித்து முடித்துத் தனியாகக் கிளம்பினான் என்றால் அந்த நாவலில் ஐந்து பிரதி போதும். துணைக்கு ஒரு ஆள் கேட்டால் ஒரு கட்டு. ரெண்டு ஆள் கேட்டால் மூன்று கட்டு. வந்த பிரதி ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்: 'மாதேஸ் பயந்தது, ரெண்டு ஆள்.' பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாவலுக்கு மூன்று ஆள் கேட்டிருக்கிறான்.

கடைக்கு வருகிறவர்கள் நாவலின் பெயரைக் கேட்பதில்லை. "மாதேஸ் படிச்சாச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். டீச்சர்மார் கேட்பார்கள். தாலுகா ஆபீஸ்காரர்கள் கேட்பார்கள். அவன் சொல்லை நம்பி டவுனில் நடக்கிற காரியம் இது ஒன்றுதான். அதனால் ஐப்பசியில் பயப்படப் போகும்போது மட்டும் மாதேஸ் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போடுவான்.

கேடு வைகாசியில் வந்தது. மாதவராஜ் என்று ஒரு எழுத்தாளர். மாதேஸ் ரெண்டு ஆள் கேட்டதில் முக்கால்வாசி அவர் எழுதினதுதான். ஒகேனக்கல் பார்க்க வந்தவர் ஜெயபால் கடையில் எட்டிப் பார்த்தார். ஜெயபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையை விட்டு வர முடியாதென்று மாதேஸைத் துணைக்கு அனுப்பி வைத்தார்.

அந்த ஒரு நாளில் எல்லாம் முடிந்தது. பரிசலில் ஏறியதும் எழுத்தாளர் மாதேஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆழம் எவ்வளவு என்று மூன்று தரம் கேட்டார். மீன் வறுவலில் முள்ளை எடுத்துத் தரச் சொன்னார். பிறகு, இடுப்புக்குப் போதாத ஒரு கட்டம் போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு பாறைமேல் குப்புறப் படுத்தார். மசாஜ்காரர் எண்ணெயை ஊற்றி முதுகில் படீர் படீரென்று தட்ட, அருவிச் சத்தத்தையும் மீறி அலறினார்: "மெதுவாப்பா, மெதுவா! இடுப்பு, இடுப்பு!"

மாதேஸ் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மூன்றாம் தேதிதான் விஷயம் தெரிந்தது. மாதவராஜின் புது நாவல் 'ஏழாம் படியில் எவளோ' வந்திருந்தது. மாதேஸ் ஸ்டூலில் உட்கார்ந்து விரலை வைத்தான். பதினெட்டாம் பக்கத்தில் பாழடைந்த பங்களாவின் படியில் வெள்ளைச் சேலை கட்டிய உருவம் இறங்கி வந்தது. வந்த உருவம் மாதேஸ் கண்ணுக்குக் கட்டம் போட்ட துண்டோடு வந்தது. வாயைத் திறந்து, மெதுவாப்பா என்றது.

மாதேஸ் சிரித்துவிட்டான்.

ஜெயபால் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "மாதேசு, சிரிக்கறியா?"

"இல்லீங்கண்ணா. பேயி இடுப்புங்குது."

"எந்தப் பக்கத்துல?"

"எல்லாப் பக்கத்துலயுந்தாங்கண்ணா."

பழைய நாவல்களை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். மூன்று ஆள் கேட்ட அந்த நாவலையும் கொடுத்தார். எல்லாப் பேயும் எண்ணெய் வழிய, குப்புறப் படுத்துக்கொண்டது. மாதேஸ் அன்று தனியாக வீட்டுக்கு நடந்தான். புளியமரத்தடியில் நின்று ஒன்றுக்குக்கூடப் போனான். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவன் நின்றதே இல்லை.

அவன் மனைவி செல்லிக்கு இதில் துக்கம் ஒன்றும் இல்லை. "நல்லதாப் போச்சு. பொழுது எறங்கிருச்சு, போயி மாட்ட ஓட்டியாங்க" என்றாள். மறுநாள் சுடுகாட்டு வேலியோரம் கீரை பறித்து வரச் சொன்னாள். "பயமில்லாத புருசன்னா வூட்டுக்கு எவ்வளவு ஒதவி பாருங்க. முன்னாடியே போயிருந்தா என்னவாம்."

"எம் பேரு போவுது, உனக்குக் கீர வேணுமா?"

"பேரு என்ன பேரு. பயந்தாங்கொள்ளின்னு அட்டைல ஒட்டறான். அதுக்குச் சட்டைய இஸ்திரி வேற."

பாப்பாரப்பட்டியில் ஆண்டி என்று ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுவார். வருஷா வருஷம் கார்த்திகைக் கடைசியில் மாதேஸ் அவரிடம் போய், சேர்ந்துபோன பயத்தையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு வருவான். இந்தத் தடவை ஜெயபாலே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

"பயம் வெக்கணுமா?" ஆண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுக்கறதுதாங்க என் வேல. வெக்கறது வேற டிபார்ட்மெண்டு."

"சரி, போன வருசம் எங்கிட்ட எடுத்தியே, அத எங்க போட்ட?" என்றான் மாதேஸ்.

"அதெல்லாம் ஏரில வுட்டாச்சு."

"கொஞ்சமாச்சும் வெச்சிருக்கக் கூடாதா?"

"வூட்ல கொழந்தைங்க இருக்குதுப்பா. ஒம்பயத்தையெல்லாம் எங்க வெக்கறது?" ஆண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் தெரியாதவர்கள் வந்து தொழில் சொல்லிக் கொடுத்தால் யாருக்குத்தான் வராது. கயிறு மட்டும் கட்டி அனுப்பினார், வெறுங்கையாக அனுப்பக் கூடாதே என்று.

தீபாவளிக்குப் பத்து நாள். ஜனங்கள் கடையில் வந்து நின்றார்கள். ஜெயபால் மாதேஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நடிச்சுரு."

"பாற இருக்கற எடத்துல மண்ணுன்னு சொல்லி நா ஒரு கெணறு வெட்டுனதில்லீங்கண்ணா."

"இது கெணறு இல்ல, கத. ஒரே ஒரு தடவ."

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இருந்த நேரமாகப் பார்த்து மாதேஸ் புத்தகத்தை மூடினான். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன் போல, "எனக்குப் பயமாக இருக்கிறது. ரெண்டு ஆள் வேண்டும்" என்றான். இரண்டு டீ சொல்கிற குரல். இரண்டு பேர் ஆசையாகக் கிளம்பினார்கள். போகிற வழியில் பயப்பட வேண்டும் என்பதையே மாதேஸ் மறந்துபோனான். அவன் பாட்டுக்கு முன்னால் வீசி நடக்க, துணைக்கு வந்தவர்கள் பின்னால் ஓடினார்கள். புளியமரத்தடியில் ஒருவர் மூச்சு வாங்க நின்று, "ஏம்ப்பா, நாங்க உனக்குத் தொணையா, நீ எங்களுக்குத் தொணையா?" என்று கேட்டார்.

ஆனாலும் சீட்டு ஏறியது. மூன்று கட்டு வந்தது, நாலே நாளில் தீர்ந்தது.

ஐந்தாம் நாள் மாதேஸ் ரேஷன் கடை வரிசையில் நின்றான். அங்கே அரிசி போடுகிற சுசித்ரா ஜெயபாலின் முதல் வாடிக்கை. ஒரு பேயை விடமாட்டாள். மாதேஸின் முறை வந்ததும் எடை போடுவதை நிறுத்தினாள்.

"ண்ணா, அந்த ஏழாம் படி. எத்தனாவது பக்கத்துல பயந்தீங்க?"

மாதேஸ் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கடைசிலதாம்மா" என்றான்.

"கடைசில ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் கல்யாணங்கண்ணா."

வரிசையில் ஒருவன், "கல்யாணம்னா பயம்தானே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சுசித்ரா சிரிக்கவில்லை.

"நா மூணு தடவ படிச்சேன். ரெண்டு ஆள்னு ஒட்டியிருந்துச்சு. கதவச் சாத்திட்டு, கரண்ட் இருந்துங்கூட லைட்ட அணைச்சுட்டு, மெழுகுவத்தி வெச்சுப் படிச்சேன். பயம் வரவே இல்ல. எனக்குத்தான் மனசு மரத்துப் போச்சு போலன்னு நெனச்சேன். எங்க அம்மாகிட்டகூடச் சொல்லி அழுதேங்கண்ணா."

மாதேஸால் அதற்கு மேல் முடியவில்லை. விரித்த பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பரிசல், மீன் முள், துண்டு, இடுப்பு, எல்லாவற்றையும் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டான். "உனக்கு ஒன்னும் கொறையில்லம்மா. எனக்குத்தான் போயிருச்சு."

அரிசியை வாங்காமலே கடைக்கு நடந்தான். ஜெயபாலிடம், "சீட்டக் கிழிங்கண்ணா" என்றான்.

ஜெயபால் கத்தினார். பிறகு கெஞ்சினார். மாதேஸ் அலமாரியில் இருந்த புத்தகங்களில் தன் பெயர் போட்ட சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தான், பழைய நாவல்கள் உட்பட. உண்மையாகவே பயந்தவற்றை விட்டுவிடச் சொன்னார் ஜெயபால். "எது நெசம், எது பொய்யின்னு இனி எவன் நம்புவான்?" என்று அதையும் சுரண்டினான்.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மாதவராஜ் புத்தகத்தைத் திறந்த எல்லாருக்கும் துண்டு தெரிய ஆரம்பித்தது. தாலுகா ஆபீஸில் ஒருவர் கோப்பைப் புரட்டும்போதே சிரித்ததாகச் சொன்னார்கள். ஜெயபால் கடையில் ஈ ஓட்டினார். மாதேஸ் வந்து ஸ்டூலில் உட்காருவதில்லை. மாடு ஓட்டினான், கீரை பறித்தான். சட்டைக்கு இஸ்திரி இல்லை. செல்லியே இரண்டாம் நாள், "ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வாங்களேன். மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள்.

ஜெயபாலும் ஆள் அனுப்பியிருந்தார். பேர் தெரியாத எழுத்தாளர்களின் இரண்டு நாவல்கள் மாதிரிக்கு வந்திருந்தன.

மாதேஸ் வந்ததும் முதல் கேள்வி, "பின்னட்டைல எழுதுனவரு படம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"மறைச்சிருங்க."

ஜெயபால் பழைய பேப்பரைக் கிழித்துப் பசை தடவி இரண்டு முகத்தையும் மூடினார். எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட மாதேஸ் கேட்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக் கடைக்கு வெளியே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டான். "இனிமே எல்லார் முன்னாடியுந்தான்" என்றான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கட்டுகிறவர்கள் கூடையோடு நகர்ந்து வந்தார்கள். ரேஷன் கடையைப் பூட்டிவிட்டு சுசித்ராவும் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இன்னும் இளக்கம் இல்லை.

முதல் நாவலில் ஒரு பொம்மை பேசியது. நாற்பது பக்கத்தில் மாதேஸ் கொட்டாவி விட்டான். "அஞ்சு போதுங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தான். கூட்டத்தில் பாதி கலைந்தது.

இரண்டாவது நாவலில் பங்களா இல்லை. வெள்ளைச் சேலை இல்லை. ஒரு சாதாரண வீடு, புருஷன், பெண்டாட்டி. அவள் காலையில் துவைத்து ஆறு துணி காயப் போடுகிறாள். சாயங்காலம் எடுக்கும்போது கொடியில் ஏழு இருக்கிறது. ஏழாவது, ஒரு குழந்தைச் சட்டை. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. பக்கத்து வீட்டுச் சட்டை என்று கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவர்களுடையதும் இல்லை. மறுநாள் அதே சட்டை மறுபடியும் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது. பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

மாதேஸின் விரல் அந்த வரியில் நின்றது. வலது காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தான்.

"காலத் தூக்கிட்டாருங்க" என்றாள் பூக்காரி.

"நடிக்கறானா பாரு" என்றார் பஸ் கண்டக்டர். அவர் விசில் கொடுக்காததால் பஸ் நின்றுகொண்டிருந்தது.

இடது காலும் மேலே போனது. மாதேஸ் தலையைத் தூக்கி எதிர் ஹோட்டலைப் பார்த்தான். அங்கே தாழ்வாரத்தில் கயிறு கட்டி மேசை துடைக்கும் துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள். அவன் உதடு அசைந்தது. எண்ணினான். திரும்பவும் எண்ணினான். சுசித்ரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அவன் பார்த்த பக்கமே பார்த்தாள். அவளும் எண்ண ஆரம்பித்தாள்.

குடையோடு செல்லி வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்துப் புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, ஸ்டூலில் குந்தியிருக்கிறவனைப் பார்த்ததும் நிதானமானாள். "மழ வலுக்கறதுக்குள்ள வாங்க, போலாம்."

மாதேஸ் எழுந்தான். புத்தகத்தை ஜெயபாலிடம் நீட்டினான். கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும், கிணற்றில் முதல் ஊற்றைப் பார்த்தவனுக்கு வருகிற சிரிப்பு.

"நீ ஒருத்தி பத்தாது" என்றான்.

"இன்னும் எத்தன பேரு வேணும்?"

மாதேஸ் கடை வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சுசித்ரா இன்னும் அந்தத் துணிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன பேருங்க வர முடியும்?" என்று கேட்டான்.